பெரட்டு மணி

விழா மலருக்கு இரண்டு பக்கம் போதும் என்றார் பாஸ்டர்.
அடிக்கல் படம் ஒன்று, ஆயர்கள் வரிசை,
கூரை மாற்றித் தந்தவர்கள் பெயர், தொகை சகிதம்.
தபாலாபீசில் கணக்கெழுதிப் பழகிய கை என்று
அலமாரிச் சாவியை என்னிடம் கொடுத்தார்கள்.

உள்ளே ஏற்காட்டு மழைக்காலம் அப்படியே இருந்தது.
பூஞ்சை பூத்த ஞானஸ்நான ரெஜிஸ்டர்,
கரையான் பாதி தின்ற அடக்கப் புத்தகம்
(செத்தவர்களை இரண்டாம் முறை தின்றிருக்கிறது),
மிளகு வாசம் போகாத சாக்குத்துணியில் சுற்றி
ஒரு கணக்கு நோட்டு.

அடிக்கல் சொல்வது எல்லோருக்கும் தெரியும்.
ஹார்விக் துரை, அவர் துரைசாணி,
மெதடிஸ்ட் சபைக்கு, தேவ மகிமைக்கு.
முதல் பெஞ்சில் அவர்கள் பெயர் தாங்கிய பித்தளைத் தகட்டை
எந்த ஆண்டு யார் கழற்றினார்களோ,
திருகாணித் துளை நான்கு மிச்சம்.
பிரசங்கம் நீளும்போது
என் சுண்டுவிரல் போய் உட்காரும் இடம்.

மணியைப் பற்றிக் கல் ஒன்றும் சொல்லவில்லை.

நோட்டு சொல்கிறது.
இலைத்துரு விழுந்து காப்பி மொட்டையாய் நின்ற வருடம்
துரை தோட்டத்தைப் பூட்டிக் கப்பலேறினார்.
பெரட்டுக்கு ஆள் கூப்பிட்ட மணியை
விற்க ஆளில்லாமல் கோவிலுக்கு விட்டுப்போனார்.
மாதம் ஒருமுறை சேலத்திலிருந்து
மட்டக்குதிரையில் மலையேறி வரும்
உபதேசியார் சுவிசேஷமுத்து
அதைச் சில்வர் ஓக் கிளையில் கட்டினார்.

ஆறு மாதம் ஊமையாய்க் கிடந்த மணி
ஒரு ஞாயிறு விடியலில்
பனிக்குள்ளிருந்து அடித்தது.

ஓடி வந்தார்கள்.
லயத்துக் கதவுகள் திறந்து, சரிவில் சறுக்கி,
இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டே,
கூடையோடு, பால்குடி மறக்காத பிள்ளையோடு,
தோட்டம் திறந்தாச்சு தோட்டம் திறந்தாச்சு என்று.

வாசலில் கங்காணி இல்லை.
கறுப்புக் கோட்டில் ஒருவர் நின்று
உள்ளே வாருங்கள் என்றார்.

"வந்தவர் முப்பத்தொருவர்.
வாசலில் கூடை முப்பத்தொன்று."
அன்று அவர் எடுத்த பகுதியைத்தான்
என்னால் நம்ப முடியவில்லை:
திராட்சைத் தோட்டக்காரன் விடியலில்
கூலியாள் தேடிப் புறப்பட்ட கதை.
பொழுது சாய வந்தவனுக்கும் முழுக்கூலி கொடுத்தானாமே, அது.

ஆராதனை முடிந்தது.
கூடையை எடுத்து வந்து வரிசையில் நின்றார்கள்.
முதலில் நின்றவள் மாரி.
கையை நீட்டினாள்.

அடுத்த வரியில் மை தடித்திருக்கிறது.
"அரை நாள் கூலி, ஆளுக்கு ஓரணா.
ஆக, ஒரு ரூபாய் பதினைந்தணா. என் கைக்காசு."
அதற்குக் கீழே, வேறு மையில்:
"குதிரைக்குக் கொள்ளு இந்த மாதம் இல்லை."

அடுத்த தடவையும் மணி அடித்தது.
வந்தவர் நான்கு பேர். கூடை இல்லை.
நாலில் ஒருத்தி மாரி.
ஞானஸ்நான ரெஜிஸ்டரில் அவள் தொற்காள்.
அடக்கப் புத்தகத்திலும் தேடினேன்;
அந்தப் பக்கம் கரையானுடையது.

கமிட்டியில் வாசித்துக் காட்டினேன்.
செயலாளர் ஆபிரகாம் செல்லையா கண்ணாடியைத் துடைத்தார்.
கூலி கொடுத்துச் சபை சேர்த்தார்கள் என்று
நாளைக்கு ஒருவன் பேசுவான், வேண்டாம்.
பேசட்டுமே, என்றேன்,
இருபத்தேழு பேர் கூலி வாங்கிக்கொண்டு
திரும்பி வராததையும் சேர்த்துப் பேசட்டும்.
பாஸ்டர் டீ சொல்லிவிட்டார்.

மலர் வந்தது. அடிக்கல் படம் நல்ல தெளிவு.
வரலாறு ஒரு பக்கம்.
மறு பக்கத்தில் காப்பித்தூள் கடை விளம்பரம்.

இன்று முதல் ஞாயிறு, நற்கருணை.
வரிசை மெல்ல நகர்கிறது.
எனக்கு முன்னால் செல்லையா.
உள்ளங்கையை எப்படி நீட்டுகிறார் என்று
எட்டிப் பார்த்தேன்.